பிள்ளை பெற்ற பிறகும், நாற்பதைக் கடந்தும் பெண்கள் ஏன் உடற்பயிற்சியை விடக்கூடாது?

தசை இழப்பு என்பது முப்பது வயதுக்குப் பின் தசை மெல்லக் குறைவது. பயன்படுத்தாத தசையை உடல் பேணுவதில்லை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் எலும்பும் வேகமாகத் தேய்கிறது.

எங்கள் தஞ்சாவூர் வாய்க்கால்களை நினைத்துக்கொள்ளுங்கள். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தாலும், தூர்வாராத வாய்க்கால் வழியே கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராது. ஒரு வருடம் வாரிவிட்டு அடுத்த வருடம் விட்டால் மண் மீண்டும் மேடிட்டுவிடும். உடம்பும் அப்படித்தான்.

பிரசவத்துக்குப் பின் மருத்துவரைக் கேட்டு நடையில் தொடங்குங்கள். குழந்தை தூங்கும் பத்து நிமிடமும் கணக்கில் சேரும், நம்புங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு, இரண்டு நாள் தசைப் பயிற்சி.

எடை தூக்கினால் பெண்ணுக்கு ஆண் உடம்பு வந்துவிடும் என்பார்கள். தசையைப் பெருக்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பெண்களிடம் மிகக் குறைவு என்பதால் அப்படி ஆவதில்லை.