குத்தல் குறைந்தது நல்ல சேதி இல்லை

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உங்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் என்று நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் எங்கும் இல்லை. சி.ஏ.125 என்ற ரத்தப் புரதத்தின் வரியில் 68 என்றும், 35-க்குள் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அவ்வளவுதான். மீதி எல்லாம் ராத்திரி இரண்டு மணிவரை நீங்கள் செல்போனில் தேடிப் படித்தது. மாதவிடாய் நாளில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாலே இது ஏறும், கர்ப்பப்பைக் கட்டி இருந்தாலும் ஏறும். நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் அழற்சி வந்தாலும் ஏறும், அந்த உறையும் இதைச் சுரக்கும் என்பதால். எந்தக் குறையும் சொல்லாத பெண்களுக்கு, 'முழு உடல் பேக்கேஜ்' என்ற பெயரில் இந்தப் பரிசோதனையைச் சேர்த்துக் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

நான் கவலைப்பட்டது கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்துத்தான். மூன்று வாரமாகச் சாயந்திரமானால் உடம்பு சுடுகிறது. ஜாக்கெட் தொளதொளவென்று ஆகிவிட்டது. மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்தும். மெடிக்கல் ஷாப்பில் இரண்டு தடவை 'செட் மாத்திரை' வாங்கிப் போட்டதும் குத்தல் நின்றுவிட்டது. "இப்போது குடத்தோடு மூன்றாவது மாடி ஏறினால் மட்டும் மூச்சு வாங்குகிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

அம்மா, மாத்திரையால் நோய் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உண்டு. அழற்சி வந்த உறைகள் ஒன்றோடொன்று உரசும்போதுதான் குத்தும். நடுவில் நீர் கோத்துக்கொண்டால் உரசல் நின்றுவிடும், வலியும் போய்விடும். சேர்ந்த நீர் நுரையீரலை அழுத்துவதால் மூச்சு வாங்கும். குத்தல் போய் மூச்சிரைப்பு வந்தால், முதலில் நீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரிப்போர்ட்டில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். (74), சி.ஆர்.பி., அவற்றோடு சி.ஏ.125 மூன்றும் ஏறியதற்கு இந்த ஒரே காரணம் போதும்.

ஒரு வாரத்தில் சி.ஆர்.பி. பத்து மடங்கு ஏறிவிட்டதாகப் பயந்திருக்கிறீர்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, எண்ணுக்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். முதல் லேப் டெசிலிட்டருக்கு 4.1 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது, அடுத்த லேப் லிட்டருக்கு 42 என்று. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று மட்டும் சி.ஆர்.பி. சொல்லும். எங்கே, எதனால் என்று அதற்குத் தெரியாது.

அதைச் சொல்லப்போவது விலாவில் இருக்கும் நீர்தான். எக்ஸ்ரேயில் நீர் தெரிந்தால், மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே கொஞ்சம் உறிஞ்சி எடுப்பார்கள். பெரும்பாலும் வைக்கோல் நிறத்தில் இருக்கும். அன்றைக்கே ரத்தமும் எடுப்பார்கள், தேவையில்லை என்று மறுக்காதீர்கள். நீரில் உள்ள புரதம் ரத்தப் புரதத்தில் பாதிக்கு மேல் இருந்தால், அது இதயமோ சிறுநீரகமோ பலவீனமானதால் ஊறிய நீராக இருக்க வாய்ப்பு குறைவு. அழற்சி நீராகத்தான் இருக்கும். அப்புறம் ஏ.டி.ஏ. என்ற நொதி. அது 40-ஐத் தாண்டி, நிணநீர் அணுக்கள் என்ற ஒருவகை வெள்ளை அணுக்களும் நிறைய இருந்தால் நம் ஊரில் முதல் சந்தேகம் காசநோய்தான். புற்றுநோய் அணுக்கள் உண்டா என்றும் அதே நீரில் பார்ப்பார்கள். வயிற்று ஸ்கேனும் ஒன்று எடுத்துவிடுங்கள், சினைப்பை பயத்துக்கு நேரடியான பதில் கிடைத்துவிடும்.

காசநோய் என்றே வந்தாலும் தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டியதில்லை. சளியை மட்டும் பரிசோதித்துவிட வேண்டும். வழக்கமாக ஆறு மாத மருந்து, அரசு மருத்துவமனையில் இலவசம். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1950களில் உலகத்துக்குக் காட்டிய ஆய்வு நம் சென்னையில்தான் நடந்தது.

ரிப்போர்ட்டில் இருக்கும் வைட்டமின் டி 16, யூரிக் ஆசிட் 6.2 இரண்டையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மூட்டு வலி இல்லாதவருக்கு யூரிக் ஆசிட் மாத்திரை எதற்கு?

இன்னொரு செட் மட்டும் வாங்கவே கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சலை அமுக்கி, நோயை உள்ளே வளர விடும். இணையத்தில் பார்த்து நீங்களாகவே போட்ட லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் அதைவிடத் தப்பு. காசநோய்க் கிருமியை அரைகுறையாக அடித்து, பரிசோதனையில் சிக்காமல் ஒளித்துவிடும். பிறகு தேவைப்படும் மருந்தையும் வேலை செய்யாமல் ஆக்கிவிடும்.

நாளைக் காலையிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள். எஞ்சிய மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். இன்று ராத்திரி மல்லாந்து படுக்க முடியாத அளவுக்கு மூச்சு முட்டினால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.