அண்ணனின் மீன்பிடி அனுமதிப்பத்திரம்: அற்றோணித் தத்துவத்தை வைத்துத் தங்கச்சி மேன்முறையீடு செய்யலாமா?

அண்ணன் கத்தாரில், வள்ளத்தின் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள், அவருக்குப் பதிலாகச் செயற்பட அவர் எழுதித் தந்த அற்றோணித் தத்துவம் உங்கள் கையில். மேன்முறையீட்டில் நீங்கள் கையெழுத்து வைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

அந்த அதிகாரம் அற்றோணித் தத்துவப் பத்திரத்தில் எழுதியிருந்தால் வைக்கலாம். முதலில் அதை வரிவரியாக வாசியுங்கள். திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்கிறேன். கொட்பே, திருக்கடலூர்ப் பக்கமிருந்து எங்களிடம் வரும் பத்திரங்களில் பெரும்பாலானவை காணி விற்கவும் வங்கிக் காசு எடுக்கவும் எழுதினவை. "வள்ளத்தையும் வலைகளையும் பராமரிக்க, வாடகைக்கு விட, விற்க" என்று நீளும். கடற்றொழில் திணைக்களத்தின் முன் தோன்றவோ மேன்முறையீடு செய்யவோ ஒரு சொல் இராது. நீதிமன்றங்கள் இந்தப் பத்திரங்களுக்கு இறுக்கமாகத்தான் பொருள்கொள்ளும். வள்ளத்தை விற்கவே அதிகாரம் இருக்கிறதே, இது முடியாதா என்று வாதாடிப் பயனில்லை.

அந்தச் சொல் இல்லையென்றால், புதுப் பத்திரம் வரும்வரை காத்திருக்காதீர்கள். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின்படி மேன்முறையீடு அமைச்சின் செயலாளருக்குப் போகவேண்டும், அதற்குக் காலக்கெடு உண்டு. அண்ணனே கையெழுத்திட்டு அனுப்பட்டும். அலைச்சல் குறைந்த வழி அதுதான். அடுத்த தடவைக்கு, டோஹாவிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் "அனுமதிப்பத்திரம் தொடர்பாக விண்ணப்பிக்க, மேன்முறையீடு செய்ய, விசாரணையில் தோன்ற" என்று தெளிவாக எழுதி அத்தாட்சிப்படுத்தச் சொல்லுங்கள்.

நீங்கள் கையெழுத்து வைத்தாலும் மேன்முறையீட்டாளர் அண்ணன்தான். தன் பெயரிலேயே எழுதிக் கொடுத்த ஒரு பெண்ணின் மனு திரும்பி வந்தது. திருத்திக் கொடுப்பதற்குள் தவணை போய்விட்டது, அந்த வீட்டு வள்ளம் கரையிலேயே கிடந்தது. ஆகவே மனுவின் கடைசியில் அண்ணனின் பெயரை எழுதி, கீழே "அவருக்காக, அவரது அற்றோணித் தத்துவக்காரர்" என்று போட்டு உங்கள் கையெழுத்தை வையுங்கள். பத்திரத்தின் பிரதியையும் இணையுங்கள்.

நீதிமன்றம் வேறு கதை. அடிப்படை உரிமை மனுவென்றால், அரசியலமைப்பின் 126(2) உறுப்புரைப்படி பாதிக்கப்பட்டவர் தானாகவோ சட்டத்தரணி மூலமாகவோ ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். அற்றோணித் தத்துவக்காரரைப் பற்றி அதில் பேச்சே இல்லை. மறுப்புக் கடிதம் எந்தத் திகதியில் கைக்கு வந்தது என்பதை இன்றைக்கே குறித்துவைத்து, மேன்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.