தொழிலின் மதிப்பைக் கணக்கிட ஒரு கால்குலேட்டர், முதலீட்டின் வளர்ச்சியைக் கணக்கிட வேறொன்று: எதை நம்பித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி கேட்டவர் என்னைப் போலச் சிறுதொழில் நடத்துபவர் என்றும், தொழிலை விற்று அந்தப் பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போடலாமா என யோசிப்பவர் என்றும் எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். நான் ஆடிட்டர் அல்லன்; சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன்.

அச்சகக் கூட்டுத் தொழிலிலிருந்து என் மைத்துனர் விலக விரும்பியபோது, ஓர் இணையக் கால்குலேட்டரில் ஆண்டு லாபம் 18 லட்சம் என்று இட்டு, அதன் நான்கு மடங்கான 72 லட்சம்தான் அச்சகத்தின் மதிப்பு என்றார். அந்த லாபத்தில் எங்கள் இருவருடைய உழைப்புக்கும் சம்பளம் கழிக்கப்படவில்லை. எங்கள் இடத்தில் ஆள் வைத்தால் தலைக்கு ஆண்டுக்கு 5 லட்சமாவது கொடுக்க வேண்டும். அதைக் கழித்தால் மிஞ்சுவது 8 லட்சம், நான்கு மடங்கு 32 லட்சம். பங்கைக் குறைக்க நான் செய்த தந்திரம் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் அதே கணக்கின்படிதான் என் பங்கின் மதிப்பும் குறைந்தது. அவருடைய ஆடிட்டரும் அதை ஏற்றுக்கொண்டார். ஆகவே, உரிமையாளரின் சம்பளத்தையும் சொந்தக் கட்டடத்துக்குரிய வாடகையையும் கேட்காத மதிப்பீட்டுக் கால்குலேட்டரை ஒதுக்கிவிடுங்கள்.

எதிர்கால வரவைத் தள்ளுபடி செய்து, அதாவது பிறகு வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்து, மதிப்பிடும் கால்குலேட்டர்களில் வேறொரு சிக்கல் உண்டு. அடுத்த ஆண்டின் வரவு 8 லட்சம், தள்ளுபடி விகிதம் 15 சதவீதம், நிரந்தர வளர்ச்சி (வரவு ஆண்டுதோறும் முடிவின்றி வளரும் விகிதம்) 5 சதவீதம் என்றால், 8 லட்சத்தை இரண்டுக்கும் இடையிலான 10 சதவீதத்தால் வகுக்க மதிப்பு 80 லட்சம். வளர்ச்சியை 7 சதவீதமாக மாற்றினால் அதுவே ஒரு கோடியாகிவிடும். இரண்டு சதவீத நம்பிக்கைக்கு 20 லட்சம் விலை! காலண்டரும் டைரியும் அச்சடிக்கும் தொழிலுக்கு நிரந்தர வளர்ச்சி என்று எதைப் போடுவது என்பதை நீங்களே சொல்லுங்கள்.

முதலீட்டு வளர்ச்சிக் கால்குலேட்டர்களிலும் இதே கவனம் தேவை. மாதம் 10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகள், 12 சதவீதம் என்று இட்டால், மாத வட்டியை 1 சதவீதமாக எடுக்கும் எஸ்.ஐ.பி. (மாதத் தவணை முதலீடு) கால்குலேட்டர் ஏறத்தாழ 99.9 லட்சம் காட்டும். ஆண்டுக்குச் சரியாக 12 சதவீதம் வரும்படி மாத விகிதத்தைக் கணக்கிடுவது 92 லட்சத்தை ஒட்டி நிற்கும். பணவீக்கத்தை 6 சதவீதமாகக் கொண்டால் அந்த 99.9 லட்சத்தின் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 31 லட்சம்தான். என்னிடம் வந்த முகவர் ஒருவர் 15 சதவீதம் முன்கூட்டியே நிரப்பப்பட்ட செயலியைக் காட்டிவிட்டு, பணவீக்கம் என்றதும் பேச்சை மாற்றியது இன்றும் எரிச்சலூட்டுகிறது.

உங்கள் நிலைக்கு இரண்டும் வேண்டும்: முதலில் மதிப்பீடு, பிறகு வரி போகக் கையில் நிற்கும் தொகையை மட்டும் வளர்ச்சிக் கணக்கில் இடுங்கள். ஒரே தொகை என்றால் சி.ஏ.ஜி.ஆர். (ஆண்டுக் கூட்டு வளர்ச்சி விகிதம்) போதும், முன்பின்னாகப் போட்டும் எடுத்தும் வந்த பணத்துக்கு ஒவ்வொரு தொகையின் தேதியையும் கணக்கில் கொண்டு ஆண்டு வருவாய் விகிதம் சொல்லும், எக்செல்லில் உள்ள எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். சரியாக இருக்கும்.