ஸ்டிஃப் பெர்சன் சிண்ட்ரோமுக்கு கார்-டி செல் சோதனை: என் ஆத்தாவைச் சேர்க்கலாமா? என்னென்ன செய்வார்கள்?

தேவகோட்டையில் இருக்கும் உங்கள் ஆத்தாவுக்கு ஸ்டிஃப் பெர்சன் சிண்ட்ரோம் (நோய் எதிர்ப்பு மண்டலமே உடலைத் தாக்கித் தசைகளை இறுக வைக்கும் நோய்) என்றும், தசையைத் தளர்த்தும் டயஸிபாம், பேக்லோஃபென், ரத்த நாளம் வழியே ஏற்றும் ஆன்டிபாடி மருந்தான ஐவிஐஜி எல்லாம் கொடுத்தும் நடை குறைந்துகொண்டே வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முறையாகப் பதிவான சோதனை என்றால் சேர்க்க யோசிக்கலாம். ஆனால் செல் ஏற்றும் நாள் பெரிய விஷயமே இல்லை. அதற்கு முன்னும் பின்னும் வரும் வாரங்கள்தான் கடினம்.

இந்த நோய்க்கு முயன்று பார்த்த ரிட்டுக்சிமாப் என்ற மருந்து, சிடி20 என்ற புரதம் உள்ள பி செல்களை (ஆன்டிபாடி உருவாக்கும் வெள்ளணுக்களின் மூலம்)த்தான் அழிக்கும். நிணநீர்க் கணுக்களுக்குள் இருப்பவை பல தப்பிவிடும். கார்-டியில் நோயாளியின் டி செல்களையே (கிருமிகளைத் தாக்கும் வெள்ளணுக்கள்) எடுத்து, பி செல்களின் மேலுள்ள சிடி19 என்ற புரதத்தைக் கண்டுபிடிக்கும் மரபணுவை அவற்றுக்குள் செலுத்தித் திரும்ப ஏற்றுகிறார்கள். இவை திசுக்களுக்குள்ளும் போய்த் தேடும். எலும்பு மஜ்ஜையில் நெடுநாள் இருந்து ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்களில் பெரும்பாலும் சிடி19 இருக்காது. அதனால் இந்த நோயாளிகள் பலரின் ரத்தத்தில் காணப்படும் காட்65 ஆன்டிபாடி முழுதாக இறங்காமல் போகலாம். அந்த எண்ணை மட்டும் பார்த்து மனம் தளர வேண்டாம்.

முதலில் ஹெபடைடிஸ் பி, எச்ஐவி, காசநோய், இதயப் பரிசோதனைகள். ஸ்டீராய்டு டி செல்களைக் கெடுக்கும் என்பதால் செல் எடுப்பதற்கு முன் குறைப்பார்கள். அதோடு சேர்த்து டயஸிபாமையும் பேக்லோஃபெனையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் கடும் இறுக்கமும் வலிப்பும் வரலாம்.

செல் எடுக்க மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உதடு மரத்துப்போனால் உடனே சொல்லச் சொல்லுங்கள், கால்சியம் கொடுப்பார்கள். தயாரிப்புக்குச் சில வாரம் பிடிக்கும். செல்கள் போதுமான அளவு பெருகாமலோ, கிருமிப் பரிசோதனையில் தேறாமலோ போவதும் உண்டு.

அடுத்து, புதிய செல்களுக்கு இடம் உண்டாக்க மூன்று நாள் கீமோ. வழக்கமான அளவு, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஃப்ளூடராபின் 30 மி.கி., சைக்ளோபாஸ்ஃபமைட் 300 மி.கி.; சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் ஃப்ளூடராபினைக் குறைக்க வேண்டும். ஓரிரு நாள் இடைவெளி விட்டு, உறைந்த பையை 37 டிகிரியில் உருக்கி ஏற்றுவார்கள். இந்த நோய்க்குச் சோதிக்கப்படும் கேஒய்வி-101 என்ற கார்-டி மருந்தின் சோதனைகளில் ஒரு டோஸ் சுமார் 10 கோடி செல். ஏற்றும் குழாயில் வெள்ளணு வடிகட்டி இருக்கவே கூடாது. இருந்தால் மருந்தே அதில் நின்றுவிடும்.

பிறகு காய்ச்சலைக் கவனிக்க வேண்டும். 38 டிகிரி தொட்டால் அது சைட்டோகைன் எதிர்வினையின் (ஏற்றிய செல்கள் தூண்டிவிடும் கடும் அழற்சி) தொடக்கமாக இருக்கலாம். ரத்த அழுத்தம், ஆக்சிஜன் பார்த்து, தேவைப்பட்டால் அதை அடக்கும் டோசிலிசுமாப் மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 8 மி.கி. கொடுப்பார்கள். இந்த நோயாளிகளுக்குக் காய்ச்சலே தசை இறுக்கத்தைக் கிளப்பிவிடும், எனவே எது எதனால் என்று பிரித்தறிவது கஷ்டம். மூளை பாதிப்பைக் கண்டுபிடிக்க நாள்தோறும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், 100-லிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வார்கள். ஆத்தாவை அதைத் தமிழிலேயே செய்ய விடச் சொல்லுங்கள். செல் ஏற்றுமுன் எழுதிய வாக்கியத்தையும் பத்திரப்படுத்துங்கள். கையெழுத்து கோணியது இறுக்கத்தாலா, மருந்தாலா என்பது ஒப்பிட்டால்தான் தெரியும்.

முதல் சில வாரம் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும். சென்னை என்றால் ஊரிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ., போய் வந்து பார்த்துக்கொள்ள முடியாது. ஊர் திரும்பிய பிறகும் பல மாதம் நோய் எதிர்ப்பு குறைவாகவே இருக்கும். கல்யாணம், படைப்பு என்று கூட்டம் சேரும் இடங்களைத் தள்ளிப்போடுங்கள். பெரிய வீட்டின் உயர்ந்த வாசப்படிகளுக்குக் கைப்பிடி வையுங்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். திடீர் சத்தத்தில் உடம்பு விறைத்தால் கையை ஊன்றக்கூட முடியாமல் மரம்போல் சாய்ந்துவிடுவார்கள்.

பலன் வந்ததா என்பதை 25 அடி நடக்க ஆகும் நேரத்தை வைத்து அளக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. 2017-இல் வெளியான, 24 பேர் கலந்துகொண்ட ரிட்டுக்சிமாப் சோதனையில் மருந்துக்கும் பொய் மருந்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. பொய் மருந்து பெற்றவர்களிலும் சிலர் தேறினார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனையில் ஒருவர் நன்றாக நடந்துவிட்டார் என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கையெழுத்துப் போடுமுன் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண்ணையும், நெறிமுறைக் குழுவின் அனுமதியையும், தமிழில் ஒப்புதல் படிவத்தையும் கேளுங்கள். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் இந்தியாவின் 2019 புதிய மருந்துகள், மருத்துவச் சோதனை விதிகளில் இடம் இருக்கிறது. இந்தியாவில் 2023-இல் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற கார்-டி மருந்து ரத்தப் புற்றுநோய்களுக்கானது, இந்த நோய்க்கல்ல. "ஸ்டெம் செல், சில லட்சம் கட்டினால் போதும்" என்று யாராவது சொன்னால் அங்கே போகவே போகாதீர்கள்.