பழைய மீடியம் ஃபார்மட் கேமராவுக்கு ஃபர்ம்வேர் போட்டால் படம் நன்றாக வருமா?

செகண்ட் ஹேண்டில் 50 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட் (சாதாரணக் கேமராவைவிடப் பெரிய சென்சார் உள்ள) கேமரா ஒன்று விலைக்கு வருகிறது, அதன் ஃபர்ம்வேரை, அதாவது கேமராவுக்குள் ஓடும் மென்பொருளை, அப்டேட் செய்தால் படத்தின் தரம் கூடுமா, இல்லை நல்ல எடிட்டிங் மென்பொருளுக்குக் காசு போடுவது மேலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபர்ம்வேர் போட்டால் கேமராவோடு மல்லுக்கட்டுவது குறையும். தரம் என்று நீங்கள் நினைப்பது பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான் கூடும். நான் நாகர்கோவிலில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன். இப்படி ஒரு கேமரா நான்கு வருடமாக என்னிடம் இருக்கிறது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, கீழே கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

ஃபர்ம்வேர் சும்மா என்று சொல்லவில்லை. 2016-ல் வந்த ஹாசல்பிளாட் எக்ஸ்1டி-யில் ஷட்டர் லென்ஸுக்குள்தான் இருந்தது, பாடியில் கிடையாது. அதனால் வேறு கம்பெனியின் பழைய லென்ஸை மாட்டினாலும் படம் எடுக்க வழியில்லை. அடுத்த வருடமே ஒரு ஃபர்ம்வேரில் அசையும் பாகம் இல்லாமல் சென்சாரே ஷட்டர் வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் ஷட்டரைக் கொடுத்தார்கள், அடாப்டர் போட்டுக் கண்ட லென்ஸையும் மாட்டலாம் என்று ஆனது. ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் 100-க்கு 2020-ல் வந்த அப்டேட்டில், சென்சாரை இம்மி இம்மியாக நகர்த்தி 16 படம் எடுத்து, கம்ப்யூட்டரில் சேர்த்து 400 மெகாபிக்சல் படமாக்கும் வசதி வந்தது. இரண்டு கேமராவிலும் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை.

ஆனால் எலக்ட்ரானிக் ஷட்டரில் ஒரு வில்லங்கம் உண்டு. இந்தப் பழைய 50 மெகாபிக்சல் சென்சார், படத்தை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படித்து முடிக்க ஏறக்குறைய கால் விநாடி எடுக்கும். ஷட்டர் வேகத்தை 1/1000 என்று வைத்தாலும் இந்தக் கால் விநாடி குறையாது. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளை எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. நிமிடத்துக்கு 20 சுற்று சுற்றும் இறக்கை கால் விநாடியில் 30 டிகிரி நகர்ந்துவிடும். நேரான இறக்கை படத்தில் அரிவாள் மாதிரி வளைந்து நிற்கிறது.

காற்றாலை போகட்டும், அது யாருடைய கல்யாணமும் இல்லை. சர்ச் கல்யாணம் ஒன்றில், பூசை நேரத்தில் ஷட்டர் சத்தம் வேண்டாம் என்று ஃபாதர் சொன்னார். சரி என்று எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றி 1/200-ல் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் வந்து திறந்தால் பெண்ணின் வெள்ளைச் சேலை மேல் குறுக்குக் குறுக்காகக் கருப்புப் பட்டைகள். நம்முடைய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுக்கும். கால் விநாடியில் 25 மினுக்கல், அதனால் படத்தில் 25 பட்டை. அன்று 1/100-ல் எடுத்திருந்தால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முழு மினுக்கல் கிடைத்து, பட்டையே விழுந்திருக்காது. "அண்ணா, அடுத்த அப்டேட்ல சரியாயிரும்" என்று என் லைட் பையன் ஆறுதல் சொன்னான். சென்சார் படிக்கும் வேகம் ஃபர்ம்வேரால் மாறாது. ஆனால் விளக்கு மினுக்குகிறது என்று திரையில் ஓர் எச்சரிக்கை காட்டுவது ஃபர்ம்வேரால் முடிகிற காரியம். என் கேமராவுக்கு அது இன்றுவரை வரவில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய ஆதங்கம் ஹிஸ்டோகிராம், படத்தின் இருட்டை இடது பக்கமும் வெளிச்சத்தை வலது பக்கமுமாகக் காட்டும் வரைபடம். வலது ஓரத்தில் முட்டினால் அந்த இடம் வெளுத்துப் போச்சு என்று அர்த்தம். நாம் எடுப்பது ரா, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராமோ அதிலிருந்து கேமரா தானே தயாரித்து உள்ளே வைத்திருக்கும் ஜேபெக் படத்துக்கு உரியது. தோவாளைப் பூச்சந்தையில் ஒரு நாள் காலையில் கோழிக்கொண்டைக் குவியலை எடுத்துக்கொண்டிருந்தேன். சிவப்பு வலது ஓரத்தில் போய் முட்டி நின்றது. பயந்துபோய் ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்தேன். வீட்டில் ராதெரபி என்ற எடிட்டிங் மென்பொருளில் ரா ஹிஸ்டோகிராமைத் திறந்தால், குறைக்காமல் எடுத்த படத்திலேயே சிவப்பு பாதியைக்கூடத் தொடவில்லை! பகல் வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிய ஒயிட் பேலன்ஸ் செய்யும்போது கேமரா சிவப்பை ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பெருக்குகிறது. அந்தப் பெருக்கலைத்தான் நான் பார்த்துப் பயந்திருக்கிறேன். ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சத்தில் பாதி போச்சு, பூக்கூடைக்கு அடியில் இருக்கும் நிழலில் புள்ளி புள்ளியாக நாய்ஸ். இத்தனை லட்சம் வாங்குகிற கேமராவில் உண்மையான கணக்கைக் காட்டினால் என்ன?

அதுவரை நான் செய்வது இது. ஜேபெக் ஸ்டைலை இருப்பதிலேயே சப்பையானதாக வைத்து, ஹைலைட்டைக் கீழே இறக்கிவிடுவேன். அப்புறம் ஒரு தடவை மட்டும் செய்கிற சோதனை: மொட்டை மாடிக் கொடியில் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டு, மூன்றில் ஒரு ஸ்டாப் வீதம் ஏற்றிக்கொண்டே எடுங்கள். கேமரா முட்டிவிட்டது என்று சொன்ன படம் எது, ரா உண்மையிலேயே முட்டிய படம் எது என்று கம்ப்யூட்டரில் பாருங்கள். என்னுடையதில் மூன்றில் இரண்டு ஸ்டாப் மிச்சம் இருந்தது. அந்த எண்ணைக் கேமராவுக்கு அடியில் ஸ்டிக்கராக ஒட்டி வைத்திருக்கிறேன்.

நீண்ட எக்ஸ்போஷரிலும் இதே கதைதான். கன்னியாகுமரியில் சூரியன் இறங்கியபின் 133 அடி வள்ளுவர் சிலையை வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டு இரண்டு நிமிடம் எடுத்தால், நாய்ஸ் குறைக்கிறேன் என்று கேமரா மேலும் இரண்டு நிமிடம் இருட்டில் தனக்குத்தானே ஒரு படம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் வானத்தில் நிறம் செத்துவிடும். சித்ரா பௌர்ணமி அன்று ஒரு பக்கம் சூரியன் மறைய மறுபக்கம் நிலா எழும் அந்தச் சில நிமிடங்களில் கேமரா இப்படி உட்கார்ந்துவிட்டால் அழுகைதான் வரும். அந்த வசதியை அணைத்துவிடுங்கள். எல்லாம் எடுத்து முடித்தபின் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே எக்ஸ்போஷர் நேரம் வைத்து ஒரே ஒரு கருப்புப் படம் எடுங்கள். கேமரா சூடு ஆறுவதற்குள் எடுக்க வேண்டும். ராதெரபியில் டார்க் ஃபிரேம் என்ற இடத்தில் அதைக் கொடுத்தால் எல்லாப் படத்திலிருந்தும் கழித்துக்கொள்ளும். ஒரே கருப்புப் படத்தை எல்லாவற்றிலிருந்தும் கழிக்கும் வேலை கம்ப்யூட்டரில் இலவசமாக நடக்கிறது, அது கேமராவுக்குள் ஏன் நடக்கவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

அதனால் மென்பொருளுக்கு உடனே காசு போடாதீர்கள். ராதெரபி, டார்க்டேபிள் இரண்டும் இலவசம். ஹாசல்பிளாட் வாங்கினால் அவர்களுடைய ஃபோகஸ் (Phocus) என்ற எடிட்டிங் மென்பொருளும் இலவசம். காசு இருந்தால் ராம், ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். கம்ப்ரஸ் செய்யாத ரா ஒன்று ஏறக்குறைய 100 எம்பி. கல்யாணத்துக்கு 1,500 படம் என்றால் 150 ஜிபி. தரம் குறைக்காத கம்ப்ரஷன் கேமராவில் இருந்தால் யோசிக்காமல் அதைப் போட்டுவிடுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் ஒரு ரா ஃபைலைக் கேட்டு வாங்கி, உங்கள் கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

அப்டேட் செய்யும் நாளில் பேட்டரி முழுதாக இருக்கட்டும். கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்து, ஃபைலை எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியிலேயே வையுங்கள். செட்டிங்ஸ் அழிந்துபோகலாம், போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை நான் எத்தனை முறை முயன்றும் கேமரா 'ஃபைல் இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. கடைசியில் பார்த்தால், ஒரே ஃபைலை இரண்டு தடவை டவுன்லோட் செய்திருக்கிறேன். பிரவுசர் அதன் பெயருக்குப் பின்னால் (1) என்று சேர்த்து வைத்திருக்கிறது. அந்த மூன்று எழுத்தை அழித்ததும் கேமரா ஏற்றுக்கொண்டது.