கன்னன்குடா எங்கே?

அன்புள்ள ஐயா,

நான் கணினி படிக்கும் மாணவன். மட்டக்களப்பு மாவட்டத்து ஊர்ப்பெயர்களை வைத்து ஏவிஎல் மரம் ஒன்று எழுதினேன். பெயர்களை வரிசையாக வைத்து, ஒரு பக்கம் சாயாமல் தன்னைச் சமப்படுத்திக்கொள்ளும் தேடல் மரம் அது. ஒவ்வொரு ஊராகத் தேடினால் கிடைக்கிறது. ‘கல்லடி முதல் கன்னன்குடா வரை’ என்று, இரண்டு பெயர்களுக்கு நடுவே உள்ள எல்லாவற்றையும் கேட்கும் வீச்சுத் தேடல் செய்தால் ஒன்றுமே வருவதில்லை. மரம் சமநிலைக்காகச் சுழலும்போது வரிசை குலைந்துவிடுகிறதா? சிவப்பு-கறுப்பு மரம் என்கிற இன்னொரு சமநிலை மரத்துக்கு மாறலாமா? பெயரிலிருந்து கணக்கிட்ட இடத்தில் அதைப் போட்டு வைக்கும் ஹாஷ் டேபிள் போதும், அகரவரிசை எல்லாம் அச்சு அகராதிக் காலத்துச் சங்கதி என்கிறான் நண்பன். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

களுதாவளையிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

மரம் குலையவில்லை. சுழற்சியில், பெயர்களைத் தாங்கும் கணுக்கள் மேலே கீழே போகும், இடம் வலம் மாறாது. ஒரு கணு தனக்குக் கீழே வலப்பக்கம் உள்ள கணுவை, அதாவது தன் வலப்பிள்ளையை, மேலே ஏற்றிவிட்டுக் கீழே இறங்கும்போது, அந்தப் பிள்ளையின் இடக்கிளையைத் தன் வலப்பக்கம் வாங்கிக்கொள்கிறது. இடமிருந்து வலமாக வாசித்தால் பழைய வரிசையேதான். அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் 1962இல் இந்த மரத்தை வெளியிட்டபோதே தீர்ந்த விஷயம் இது. சிவப்பு-கறுப்புக்கு மாறினாலும் இதே வெறுமைதான் வரும். விடுங்கள்.

உங்கள் கடைசி இரண்டு வரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஓர் அலுவலகச் சுவரில் ஊர்ப்பட்டியல் ஒட்டியிருந்தார்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா தாளில் விரலை வைத்து மெல்ல இறக்கிக்கொண்டு போனார். கறுவாக்கேணி, கல்குடா, கல்லடி, களுதாவளை, களுவாஞ்சிகுடி. அடுத்த வரி காத்தான்குடி. விரல் நின்றுவிட்டது. “எங்கட ஊர் இல்லையே மனே” என்றார். கன்னன்குடா இருந்தது. கரடியனாற்றுக்கும் மேலே, அவர் பார்க்கவே தேவையில்லாத இடத்தில் இருந்தது. ‘களு’வுக்கும் ‘கா’வுக்கும் நடுவில்தான் ‘கன்’ வரும் என்று அவருக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் செய்ததும் வீச்சுத் தேடல்தான் தம்பி, அதுவும் சரியாகச் செய்தார். பட்டியல்தான் பிழை. உங்கள் மரத்தின் பிழையும் அதே பிழை.

ஒவ்வோர் எழுத்துக்கும் கணினியில் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடில் ன-வின் எண் 2985, ல-வின் எண் 2994. உங்கள் நிரல் எழுத்துகளை இந்த எண்களால் ஒப்பிடுகிறது. அதனால் கன்னன்குடா முன்னுக்கு, கல்லடி பின்னுக்கு. வீச்சின் தொடக்கம் முடிவைத் தாண்டி நிற்கிறது, அப்புறம் எப்படி விடை வரும்? ஒற்றை ஊரைத் தேடும்போது எந்த வரிசையானாலும், மாறாமல் இருந்தால் சரி. அதனால்தான் பிழை இத்தனை நாள் ஒளிந்திருந்தது.

தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே ஒரு வீச்சுத்தான். தமிழ் எழுத்துகள் அகரம் முதல் னகரம் ஈறாக முப்பது என்கிறது. அதே வீச்சை உங்கள் மரத்திடம் கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு உயிர் வரும். மெய்களில் க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ன என ஒன்பதுதான் வரும். நடுவில் ஜ வந்து உட்காரும். ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற ஒன்பதும் வெளியே நிற்கும். இதைப் பார்த்த பிறகும் அகரவரிசை பழைய சங்கதி என்பீர்களா? எனக்குக் கோபம் வருகிறது. யூனிகோட்காரர்கள்கூட அந்த எண்களை அகரவரிசை என்று சொல்லவில்லை. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த அடுக்கில் ன-வுக்கு ந-வின் பக்கத்தில் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். வரிசைப்படுத்தத் தனி விதிகள் வைத்திருக்கிறார்கள். அவற்றை எடுத்துப் பார்க்காதது நாம்.

என் மாமா ஒரு கிராம நூலகத்தில் இருந்தார். பாடசாலை விடுமுறையில் நூல் அட்டைகளை அடுக்குவது என் வேலை. அட்டைகளின் அடியில் கோத்திருக்கும் இரும்புக் கம்பியை உருவி, புது அட்டையைச் செருகி, மறுபடி கம்பியை விட வேண்டும். ஒருநாள் ‘பகல்’ அட்டையைப் ‘பக்கம்’ அட்டைக்கு முன்னால் வைத்துவிட்டேன். மாமா விரலால் அட்டைகளைத் தள்ளிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நிறுத்தினார். “புள்ளி வச்ச எழுத்து முன்னுக்கு வரும் மருமகனே” என்று கம்பியைத் திரும்ப உருவவைத்தார். அன்று நான் விட்ட பிழையை இன்று உங்கள் நிரலும் விடுகிறது. யூனிகோடில் புள்ளியின் எண் 3021, உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால்.

அந்த அம்மாவின் விரல் செய்த வேலையை ஹாஷ் டேபிள் செய்யாது. அது பெயர்களைச் சிதறடித்து வைக்கும், ஒரு வீச்சைக் கேட்டால் எல்லாவற்றையும் புரட்ட வேண்டும். ஏவிஎல் மரமோ பத்து இலட்சம் பெயர்கள் இருந்தாலும் 30 படிகளுக்குள் முதல் பெயரில் கொண்டுபோய் நிறுத்தும், அங்கிருந்து வரிசையாக நடந்தால் போதும். தரவுத்தளங்கள் பயன்படுத்தும் பி-ப்ளஸ் என்கிற மரவகையில், அடிமட்டக் கணுக்களான இலைகளை ஒன்றோடொன்று தொடுத்து வைப்பதும் இந்த நடைக்காகத்தான்.

சரி, செய்ய வேண்டியது இது. ஐசியூ என்கிற, பல மொழிகளுக்கான நிரல் தொகுப்பில் தமிழுக்கான ஒப்பீடு இருக்கிறது, இரண்டு பெயர்களில் எது முன் என்று பார்க்கும் உங்கள் ஒப்பீட்டுச் சார்பில் அதைப் போடுங்கள். பிறகு மரத்தை முழுக்கப் புதிதாகக் கட்டுங்கள். பழைய மரத்தின் மேல் புது ஒப்பீட்டை வைத்தால் இப்போது கிடைக்கிற ஊர்களும் தொலையும். 2018இல் லினக்ஸின் அடிப்படை நிரல் தொகுப்பான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு வரிசை விதிகளை மாற்றியபோது, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வைத்திருந்த பலர் தங்கள் தேடல் சுட்டிகளை (இண்டெக்ஸ்) மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

கட்டி முடித்ததும் கல்லடியிலிருந்து தொடங்கி ஒரு தடவை ஓடவிடுங்கள். களுவாஞ்சிகுடி, கறுவாக்கேணி எல்லாம் தாண்டி, காத்தான்குடிக்கு முன்னால் கன்னன்குடா வருகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.