கொலஸ்ட்ரால் மாத்திரையும் கால் வலியும்: எந்த ஆய்வை நம்புவது?

கேள்வி: வயது 58. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் 40 மாத்திரை சாப்பிட்டு வந்தேன். தொடையும் கெண்டைக்காலும் வலிக்கின்றன. இணையத்தில் ஓர் ஆய்வு ஐந்தில் ஒருவருக்குத் தசை வலி வரும் என்கிறது, இன்னொன்று வராது என்கிறது. சர்க்கரை, மறதி வரும் என்றும் படித்தேன். பத்து நாளாக நிறுத்திவிட்டேன். எதை நம்புவது?

பதில்: ஸ்டென்ட் வைத்தவர் யாரையும் கேட்காமல் இந்த மாத்திரையை நிறுத்தியதுதான் எனக்குக் கவலை. கால் வலி அதற்கு அடுத்தபடிதான்.

நீங்கள் படித்த இரண்டு ஆய்வுகளும் பொய் சொல்லவில்லை, கேட்ட விதம்தான் வேறு. முதல் வகையில், மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் போய் 'வலிக்கிறதா?' என்று கேட்பார்கள். 58 வயதில் மாத்திரையே சாப்பிடாதவருக்கும் கால் வலிக்கும். இரண்டாவது வகையில், குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. இப்படி நடந்த 19 ஆய்வுகளை, ஏறக்குறைய 1,24,000 பேரை, 2022இல் சேர்த்துப் பார்த்தார்கள். தசை வலியோ பலவீனமோ சொன்னவர்கள் நிஜ மாத்திரையில் 27.1 சதவீதம், வெறும் மாத்திரையில் 26.6.

'ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்த ஆய்வுகளில் சேர்ந்திருக்கவே மாட்டார்களே' என்று கேட்டால், நியாயமான கேள்விதான். அதனால்தான் லண்டனில் உங்களைப் போல நிறுத்தியவர்களாகவே 60 பேரைச் சேர்த்தார்கள். ஒரு வருடத்தில் சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் வெறும் மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை. ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிட்டார்கள். 2020இல் வந்த முடிவு: மாத்திரை இல்லாத மாதங்களில் தொந்தரவு மதிப்பெண் நூற்றுக்கு 8, வெறும் மாத்திரையில் 15.4, நிஜ மாத்திரையில் 16.3. வலி உண்மைதான். ஆனால் அதில் பெரும்பங்கு 'மாத்திரை போடுகிறோம்' என்ற பயத்தால் வந்தது. விவரம் தெரிந்தபின் பாதிப் பேர் மீண்டும் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

சர்க்கரை லேசாக ஏறலாம். உங்களுக்கு இதயத்தில் கிடைக்கும் லாபம் அதைவிடப் பெரிது. மறதி? குலுக்கல் ஆய்வுகளில் தெரியவில்லை, விடுங்கள்.

குலுக்கல் ஆய்வு கோட்டைவிடும் இடமும் உண்டு: மிக அரிதான ஆபத்து. செரிவாஸ்டாடின் என்ற இதே வகை மருந்தைத் தசை சிதைவும் மரணங்களும் பதிவானதால்தான் 2001இல் விற்பனையிலிருந்து எடுத்தார்கள். ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். தசை வலி கடுமையாகி, நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போனாலோ, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், சிறுநீரகம் கெட்டுவிடலாம். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் இந்த ஆபத்து கூடும். தயவுசெய்து அந்த வேலை வேண்டாம்.

அப்படி எதுவும் இல்லையென்றால் நாளையே உங்கள் இதய மருத்துவரைப் பாருங்கள். பத்து நாள் நிறுத்தியதை மறைக்காதீர்கள். நிறுத்தியதில் வலி குறைந்ததா என்பதையும் சொல்லுங்கள். சிபிகே (தசை சிதைவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு இரண்டும் பார்த்துவிட்டு, அதே மாத்திரையா, அளவு குறைப்பதா, இதே வகையிலுள்ள ரோசுவாஸ்டாடினுக்கு மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார்.